பக்கத்து வீட்டுப் பெண் மீன்

மாதம்மாளின் தொட்டியில் பதினேழாவதாகப் பிடித்த மீனைத் திருப்பிப் பார்த்தபோது பூங்காவனத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

மீன் உள்ளங்கையைவிடச் சற்று நீளம். ஈரத்துணியால் அதன் தலையை மூடி, வயிறு மேலே தெரியும்படி இடது கையில் பிடித்திருந்தாள். மலத்துவாரத்துக்குப் பின்னால் நொய்யரிசி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்த சதையின் மேல் பஞ்சால் சொட்டு நீலத்தைத் தொட்டு வைத்தாள். ஆணாக இருந்தால் அந்தச் சதை கூராக இருக்கும், நுனியில் ஒரே ஒரு புள்ளி. மலத்துவாரத்தையும் சேர்த்தால் இரண்டு துளை. பெண்ணாக இருந்தால் சதை மழுங்கி அகன்றிருக்கும். நடுவில் குறுக்காக ஒரு கீறல், முட்டை வருகிற வழி. ஆக மூன்று துளை. வெறுங்கண்ணுக்கு அந்தக் கீறல் பிடிபடாது. நீலம் அதற்குள் இறங்கினால்தான் மயிரிழை போல ஒரு கோடு தெரியும்.

கோடு தெரிந்தது.

மச்சவித்து கம்பெனிக்காகப் பூங்காவனம் மீன் பரிசோதிக்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. இந்த ஏழு வருடத்தில் அந்தக் கோட்டை ஐந்து முறைதான் பார்த்திருக்கிறாள். ஐந்து முறையும் மீனைக் கிராம்பு எண்ணெய் கலந்த டப்பாவுக்குள் போட்டு மூடி, அது அசைவற்றுப் போகும்வரை மூடியின் மேல் கையை வைத்திருந்தாள். அந்த ஐந்து வீட்டு வாசலிலும் அதன் பிறகு கம்பெனி வேன் நிற்கவில்லை. ஐந்து குடும்பமும் காலனியைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன.

"அதையே என்னாத்தை பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மாதம்மாள். கேட்ட விதத்திலேயே அது பெண் என்று அவளுக்கு முன்பே தெரியும் என்பது புரிந்தது.

மேட்டூர் அணையின் நீர் ஏறி நிற்கும் மேல்கரையில், பென்னாகரத்துப் பக்கம் இருந்த அந்த மீனவர் காலனியில் அறுபது வீடுகள். ஒரு காலத்தில் அணையில் வலை போட்டால் வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஜிலேபி மீன்தான் வரும். ஊரில் யாரும் விட்டு வளர்த்ததல்ல. தானாகவே பெருகி, மற்ற மீன்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு நின்ற மீன். பதினான்கு வருடத்துக்கு முன்னால் மச்சவித்து கம்பெனி அணையில் லட்சக்கணக்கில் குஞ்சு விட்டது. எல்லாமே ஆண் குஞ்சு. ஆண்தான் சீக்கிரம் வளரும், ஆண்தான் எடை தூக்கும் என்றார்கள். அதுவும் பொய்யில்லை. மூன்று வருடம் வலை கிழிகிற அளவுக்கு மீன் வந்தது. நான்காவது வருடம் கரையோரத்தில் குஞ்சையே காணோம். ஆறாவது வருடம் வலையில் பாசிதான் வந்தது.

அதற்குப் பிறகு அதே கம்பெனிதான் வீட்டுக்கு ஒரு தார்ப்பாய்த் தொட்டி கொடுத்தது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை வேனில் குஞ்சுப் பாக்கெட் வந்தது. வளர்த்துத் தின்னலாம், மிச்சத்தைச் சந்தையில் விற்கலாம். வீட்டில் மட்டும் குஞ்சு பொரிக்க வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் பூங்காவனம். ஆனால் போன இரண்டு வருடமாகப் பாக்கெட் மீனுக்குச் செவுள் அழுகும் நோய் வந்து பாதிக்குப் பாதி செத்தது. வேனும் நான்கு மாதம் போய் ஆறு மாதம், எட்டு மாதம் என்று தள்ளித் தள்ளி வந்தது. காலனியில் பல வீடுகளில் ரேஷன் அரிசிச் சோற்றுக்குப் புளித் தண்ணீர்தான் குழம்பு.

பூங்காவனம் மீனைத் தண்ணீர் நிறைந்த பேசினில் விட்டாள். டப்பாவில் போடவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மாதம்மாள் மறைக்கவில்லை. அவள் புருஷன் முனிராஜ் ஓசூருக்குக் கட்டட வேலைக்குப் போவதற்கு முன்னால், ஒகேனக்கல்லுக்கு மேலே பாறை இடுக்கில் தேங்கிய குட்டையில் ஏழு மீன் பிடித்துக் கேனில் கொண்டுவந்தானாம். ஆற்றோடு தொடர்பு அறுந்துபோன குட்டை. கம்பெனி மீன் அங்கே எட்டவில்லை. கொண்டுவந்தவன் அதைக் கம்பெனி மீனோடு ஒரே தொட்டியில் விட்டுவிட்டான். அதில் ஒன்று பெண்ணாக இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது. மாதம்மாள்தான் போன மாதம் ஒரு மீன் பதினைந்து நாளாகத் தீனி தின்னாமல், தாடை உப்பிப்போய் மூலையில் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். வாய்க்குள் முட்டையை வைத்துக் காக்கிற மீன் அப்படித்தான் நிற்கும் என்று அவள் அம்மா சொல்லிக் கேட்டிருந்தாள்.

"குஞ்சு எங்க?"

"வெளிய வந்த அன்னிக்கே கம்பெனி மீனுங்க முழுங்கிடுச்சுங்க அத்தை. ஒன்னுகூட மிஞ்சல."

பூங்காவனம் கம்பெனி கொடுத்த போனை எடுத்தாள். ஒவ்வொரு தொட்டியிலும் இத்தனை ஆண், இத்தனை பெண் என்று அதில் பதிய வேண்டும். மாதம்மாள் பேசினுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை, காலைப் பிடிக்கவில்லை.

"எங்கம்மாகிட்ட ஒரு வாட்டி பொய் சொன்னீங்களாமே அத்தை. அதே பொய்ய இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள்.

பூங்காவனம் அதை எதிர்பார்க்கவில்லை. இருபத்தொன்பது வருடம் ஆகிவிட்ட விஷயம் அது.

அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. ஒரு டாக்டர் காரில் ஸ்கேன் மெஷினை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வருவார். அவருக்குப் பூங்காவனம்தான் கூட இருந்தாள். பாயை விரிப்பது, வயிற்றில் பசை தடவுவது, முடிந்ததும் துடைத்துவிடுவது எல்லாம் அவள் வேலை. என்ன குழந்தை என்று டாக்டர் வாயைத் திறந்து யாரிடமும் சொல்ல மாட்டார். சொன்னால் ஜெயில். பெண் என்றால் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைப்பார். அவள் வெளியே வந்து, காத்திருக்கிறவர்களிடம் அடுத்து எப்போது வர வேண்டும் என்று சொல்வாள். திங்கட்கிழமை என்றால் ஆண். வெள்ளிக்கிழமை என்றால் பெண். வெள்ளிக்கிழமைக்காரர்கள் மறுபடியும் ஸ்கேனுக்கு வருவதில்லை. வேறு எங்கோ போய், முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நாலு வருடம் அந்த வேலை. சிலம்பரசன் பிறந்த பிறகு அவளுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. டாக்டர் தலையை அசைத்தார். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. தானே பஸ் ஏறிப் போய்விட்டு, மூன்றாம் நாள் வேலைக்கு வந்தாள்.

மாதம்மாளின் அம்மாவுக்கு அவள் திங்கட்கிழமை என்று சொன்னாள். ஐந்து மாதம் கழித்துப் பெண் பிறந்தது. அந்த வருடம் காலனியில் பிறந்த ஒரே பெண் குழந்தை அதுதான். அந்த அம்மாள் தண்ணீர்க் குழாயடியில் பூங்காவனத்தின் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். பிறகு குழந்தையை வளர்த்தாள்.

"அது பொய் இல்ல மாதம்மா" என்றாள் பூங்காவனம். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். வாய் தவறி வந்துடுச்சு."

மாதம்மாள் எழுந்து ஒதுங்கவில்லை. மீதி மீன்களையும் பார்த்து முடித்த பிறகு பூங்காவனம் போனில் பதிந்தாள். ஆண் முப்பத்திரண்டு. பெண் இல்லை.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பெல்லாம் பூங்காவனத்துக்கு இல்லை. அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக டப்பாவை மூட முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் மறுநாளே தானாக மாதம்மாள் வீட்டுக்குப் போனாள்.

பெண் மீனை மட்டும் காப்பாற்றினால் போதாது என்று அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனியில் இரண்டு நாள் பாடம் நடத்தியிருந்தார்கள். அதைத் தனக்குப் புரிந்த அளவில் மாதம்மாளுக்குச் சொன்னாள்.

"சாதா ஆண் மீனுக்குள்ள ஆண் வித்து பாதி, பொண் வித்து பாதி இருக்கும். அதனால அதுக்குப் பொறக்கற குஞ்சு பாதிக்குப் பாதி. கம்பெனி மீனுக்கு ரெண்டு பாதியுமே ஆண். அது எந்தப் பொட்டையோட சேந்தாலும் குஞ்சு அத்தனையும் ஆணாத்தான் இருக்கும். இந்த ஆணை அணையில விட்டுவிட்டுத்தான் பொட்டையே இல்லாமப் போச்சு."

"அப்ப அந்தக் குட்டையில புடிச்ச ஆணோடதான் சேக்கணும்."

"ஆமா. அது எதுன்னு சொல்லு பாப்போம்."

அங்கேதான் சிக்கல். முப்பத்திரண்டு மீனில் எவை குட்டையில் பிடித்தவை என்று யாருக்கும் தெரியாது. ஆணா பெண்ணா என்று பூங்காவனத்தின் கை சொல்லிவிடும். எந்த ஆணுக்குப் பெண் பிறக்கும் என்று எந்தக் கையும் சொல்லாது. உடம்பு கொஞ்சம் ஒல்லியாக, பட்டை கொஞ்சம் அழுத்தமாக இருந்த மூன்று ஆண்களை அவள் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். முதல் ஆணைப் பெண்ணோடு தனி டிரம்மில் விட்டார்கள். முட்டை போட்டு, வாயில் காத்து, குஞ்சு வெளியே வந்ததும் தாயைப் பிரித்து, ஒரு மாதம் தேற்றி, அடுத்த ஆணோடு விட்டார்கள். குஞ்சுகளைக் கையில் பிடித்துப் பார்க்கிற அளவுக்கு வளர்க்க மூன்று மாதம். குளியலறையில் மூன்று டிரம் வரிசையாக நின்றது. மேலே கோணியைப் போட்டு மூடி, மாதம்மாள் வீட்டார் வெளியே கிணற்றடியில் குளித்தார்கள்.

முதல் டிரம் குஞ்சுகளைப் பூங்காவனம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். நூற்று நாற்பது. அத்தனையும் ஆண். இரண்டாவது டிரம்மில் எண்பதுதான் மிஞ்சியிருந்தது. அதுவும் ஆண். மாதம்மாள் அன்றைக்குச் சமைக்கவில்லை. இடையில் பெண் மீன் செதில் உதிர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்த ஆரம்பித்திருந்தது. மூன்றாவது ஆணோடு ஒரே ஒரு முறை முட்டை போட்டுக் குஞ்சைக் காத்துவிட்டு அது செத்தது.

மூன்றாவது டிரம்மில் முதலில் பிடித்த குஞ்சிலேயே கோடு தெரிந்தது. பூங்காவனம் அதைப் பேசினில் விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தாள். ஆண். அடுத்தது பெண். அடுத்ததும் பெண். அவளுடைய விரல்கள் எல்லாம் நீலமாகியிருந்தன. மாதம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றுத் தொண்ணூறு குஞ்சில் தொண்ணூற்று மூன்று பெண். பூங்காவனம் வெளியே வந்து, அந்த நீலக் கையோடேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எதற்கு என்று மாதம்மாள் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை ஊரே செய்தது. வீட்டுக்கு ஒரு பெண், சில வீட்டுக்கு இரண்டு, கூடவே அதே டிரம்மில் பிறந்த ஆண் ஒன்று என்று கொடுத்தார்கள். அதற்கு முன்னால் தொட்டியில் இருக்கும் கம்பெனி மீனை ஒன்று விடாமல் பிடித்துத் தின்றுவிட வேண்டும், ஒன்று தங்கினாலும் எல்லாம் கெட்டுவிடும் என்று பூங்காவனம் வீடு வீடாகச் சொன்னாள். காலனியில் ஒரு வாரம் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. பல வருடமாக அவளோடு பேசாதவர்கள்கூட அவளை உட்காரச் சொன்னார்கள்.

வேன் வந்தபோது மறைக்க முடியவில்லை. எல்லாத் தொட்டியிலும் சின்னதும் பெரியதுமாக மீன் நீந்தியது. சூப்பர்வைசர் நெல்சன் நாலைந்து தொட்டியை எட்டிப் பார்த்தான். நாகர்கோவில்காரன், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன். போலீஸை அழைப்பான், தொட்டியைக் கிழிப்பான் என்று ஆண்கள் கையில் துடுப்போடு நின்றார்கள். அவன் அதெல்லாம் செய்யவில்லை. யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து, பூங்காவனத்தின் அடையாள அட்டையையும் போனையும் கிராம்பு எண்ணெய் டப்பாவையும் வாங்கிக்கொண்டான். இனி இந்தக் காலனிக்குப் பாக்கெட் வராது என்றான். நீலப் புட்டியை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் கையில் கொடுத்தான். வேன் திரும்பிப் போனபோது ஊரே கைதட்டியது.

ஆறு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நோய் இல்லை. குட்டை மீனின் வம்சம் அழுக்குத் தண்ணீரையும் தாங்கியது. ஆனால் அது பெருகுகிற வேகத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு பெண் மாதத்துக்கு ஒரு முறை நூறு, நூற்றைம்பது என்று குஞ்சு விட்டது. அந்தக் குஞ்சுகள் நாலாவது மாதத்திலேயே முட்டை போட்டன. தொட்டி பொங்கி வழிகிற மாதிரி மீன். ஆனால் எதுவும் விரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. தின்கிற தீனியெல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் போனது. சந்தையில் அந்தப் பொடிமீனைக் கேட்பார் இல்லை. தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் எங்கே போவது?

முதலில் அவளைக் கூப்பிட்டது கோவிந்தம்மாள். அணையில் மீன் நிறைந்திருந்த நாளில் ஊரிலேயே பெரிய பரிசல் வைத்திருந்த வீடு. தொட்டியருகே இரண்டு வாளி தயாராக இருந்தது. ஆணை ஒன்றிலும் பெண்ணை ஒன்றிலும் பிரித்துப் போடு, ஆணை மட்டும் வளர்த்துக்கொள்கிறோம் என்றாள். ஆண்தான் வளருகிறது, பெண் தின்றுவிட்டு அப்படியே கிடக்கிறது என்று அவள் சொன்னபோது பூங்காவனத்துக்கு எங்கோ கேட்ட குரலாக இருந்தது. ரெண்டு பெண்ணாவது விட்டு வையுங்கள் என்றாள். பக்கத்து வீட்டில் ஏகப்பட்டது இருக்கிறது, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்கிறோம் என்றாள் கோவிந்தம்மாள்.

பூங்காவனம் பிரித்துக் கொடுத்தாள். பிரிக்காவிட்டால் தொட்டியே அழிந்துவிடும் என்பதும் உண்மைதான். அந்த வீட்டின் ஆண் மீன்கள் இரண்டே மாதத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்தன. அதைப் பார்த்துவிட்டு மற்ற வீடுகள் ஒன்றன் பின் ஒன்றாக அவளைக் கூப்பிட்டன. காலையில் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு. பெண் வாளியில் நிறைந்த மீன்களை என்ன செய்வது என்பதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பாறையில் காயவைத்து, உரலில் இடித்து, தவிட்டோடு கலந்து ஆண் மீனுக்கே தீனியாகப் போட்டார்கள். கருவாட்டு நாற்றம் காலனியை விட்டுப் போகவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பூங்காவனம் அதையேதான் சொன்னாள், ரெண்டை விட்டு வையுங்கள் என்று. தலையை ஆட்டினார்கள். சில பேர் வைத்தார்கள். முனிராஜ் ஓசூரில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து வீட்டோடு வந்து படுத்த பிறகு, மாதம்மாளும் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டாள். வாளி இரண்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை" என்றாள் மாதம்மாள். "தீனி போட முடியல."

பூங்காவனம் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். தன் தொட்டியில் மட்டும் அவள் பெண்ணை அடியோடு ஒழிக்கவில்லை. நல்ல பெண் மீனாக ஒன்பதைப் பொறுக்கித் தனியாக வைத்திருந்தாள்.

அவள் மகன் சிலம்பரசனுக்கு முப்பத்து மூன்று வயது. காலனியில் கல்யாணம் ஆகாமல் இருந்த நாற்பது பேரில் ஒருவன். அந்தப் பக்கத்தில் இப்போது மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போவதெல்லாம் நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. பெண் வீட்டார்தான் ஊர் ஊராக வந்து வீடு பார்த்து, ஆளைப் பார்த்து, போய் யோசித்துச் சொல்வார்கள். பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண்ணின் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் வருவதாக ஒரு புதன்கிழமை காலை போன் வந்தது. அன்று மத்தியானமே வருகிறார்கள். அந்த வாரத்தில் அவர்கள் பார்க்கப் போகும் பதினான்கு வீடுகளில் இது ஐந்தாவது.

மீனவர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மீன் இல்லாமல் எப்படிச் சோறு போடுவது? ஆண் மீன்களையெல்லாம் சிலம்பரசன் போன வாரம்தான் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தான். பூங்காவனம் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒன்பதும் நன்றாக வளர்ந்திருந்தன. பிறகு வளர்க்க மாதம்மாள் வீட்டில் கேட்டால் ரெண்டு கொடுக்க மாட்டாளா என்று நினைத்தாள். கொஞ்ச நேரம்தான் நின்றாள். பிறகு வலையைப் போட்டு ஒன்பதையும் வாரினாள்.

வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஆறு மீனுக்குள் சினை இருந்தது. "இப்பல்லாம் சினையோட மீனு எங்கங்க கெடைக்குது" என்று சொல்லி, பெண்ணின் அப்பா இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார். சிலம்பரசன் வாசலில் நின்றபடி, அவர்கள் கையலம்பத் தண்ணீர் ஊற்றினான். அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவள் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் அவள் மாதம்மாள் வீட்டுக்குப் போனாள். ரெண்டு பெண் மீன் வேண்டும் என்றாள்.

மாதம்மாள் புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"உங்க வீட்ல இருக்குதுன்னுதானே அத்தை நான் இருந்தேன்."

இரண்டு பேரும் சேர்ந்து கோவிந்தம்மாள் வீட்டுக்குப் போனார்கள். கோவிந்தம்மாள் மேலத்தெருவில் இருக்கும் என்றாள். மேலத்தெருவில் பூங்காவனம் வீட்டில் இருக்குமே என்றார்கள். விட்டு வைத்திருந்த சில வீடுகளிலும் ஒரு கல்யாணம், ஒரு கருமாதி, விருந்தாளி, உடம்புக்கு முடியாமல் போன குழந்தைக்கு ஒரு வேளைக் குழம்பு என்று ஏதோ ஒன்றில் போயிருந்தது. அடுத்த வீட்டில் இருக்கிறது என்கிற தைரியத்தில் எல்லாருமே செய்திருந்தார்கள். மூன்று நாள் அறுபது வீட்டுத் தொட்டியையும் வலை போட்டு வாரி, ஒவ்வொரு மீனாகப் பூங்காவனம் திருப்பிப் பார்த்தாள். பெண்கள் சுற்றி நின்றார்கள். நீலப் புட்டி தீர்ந்தது. மளிகைக் கடையில் இன்னொன்று வாங்கி வந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் கடைசித் தொட்டியின் கடைசி மீனில் சதை மழுங்கலாகத் தெரிந்தது. அவள் இரண்டு முறை நீலம் வைத்தாள். கோடு விழவில்லை. வளராத ஆண்.

சிலம்பரசன் ஒகேனக்கல்லுக்கு மேலே நாலு நாள் பாறை பாறையாக ஏறித் தேடிவிட்டு வந்தான். அந்தக் குட்டை காய்ந்து வெடித்துக் கிடந்தது என்றான். அவன் திரும்பி வந்த அன்று பாலக்கோட்டிலிருந்து போன் வந்தது. வேறு இடம் முடிவாகிவிட்டதாம். அதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. போனை அணைத்து ஜன்னல் மேல் வைத்ததைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.

தொட்டியில் இருந்த ஆண் மீன்களைத் தின்று தீர்க்க இரண்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு ஊரிலிருந்து நாலு பேர் மேட்டூரில் இருக்கும் கம்பெனி அலுவலகத்துக்குப் போய், பழைய ஒப்பந்தத்திலேயே மறுபடியும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

வேன் வந்த அன்று பெண்கள் குடத்தோடும் டப்போடும் வரிசையில் நின்றார்கள். மாதம்மாள் முன்னால் நின்றாள். வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவள் பூங்காவனத்தைப் பார்க்காமல் குடத்தையே பார்த்துக்கொண்டு போனாள். நெல்சனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. பூங்காவனத்தின் முறை வந்தபோது அவன் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான்.

மறுபடியும் வேலைக்கு வரட்டுமா என்று அவள் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு என்ன பேசுவது?

"அந்த வேலையே எடுத்துட்டாங்கம்மா" என்றான் நெல்சன். "எந்த ஊர்லயும் இப்ப செக்கிங் கிடையாது. அன்னைக்கு உங்க தொட்டியெல்லாம் பார்த்துட்டு ஆபீஸுக்குத்தான் போன் போட்டேன். விட்டுடு, ஒரு வருஷம் பொறு, அவங்களே பொட்டை மீனையெல்லாம் தீர்த்துடுவாங்கன்னு சொன்னாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, நீங்க பொட்டையக் காப்பாத்திடுவீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் நீலப் புட்டிய உங்க கையில விட்டுட்டுப் போனேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லா ஊர்லயுமா சார்?"

"நான் போற ஊரு முப்பத்தெட்டு. ஒரு ஊரு தவிரன்னு சொல்லணும்னுதாம்மா எனக்கும் ஆசை."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நெல்சன் பாக்கெட்டின் வாயைப் பல்லால் கடித்துப் பிரித்தான். பூங்காவனம் குடத்தை நீட்டினாள்.